புரோக்கரேஜ் முதல் பிஎம்எஸ் கட்டணம் வரை: வருமான வரியில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்க முடியாது

பங்கு வாங்கினாலோ விற்றாலோ புரோக்கர் அனுப்பும் ரசீதான காண்ட்ராக்ட் நோட்டின் கடைசி வரியில் நிகரத் தொகை என்று ஒன்று இருக்கும். வாங்கியபோது கொடுத்த நிகரத் தொகை, விற்றபோது கைக்கு வந்த நிகரத் தொகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம் என்று பலர் வரிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை அது சரி. வருமான வரியைப் பொறுத்தவரை தப்பு. அந்த நிகரத் தொகைக்குள் சட்டம் கழிக்க அனுமதிக்கும் செலவும் இருக்கிறது, கழிக்கவே கூடாது என்று சொல்லும் செலவும் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, கழிக்கக்கூடிய கட்டணத்தைக் கண்டுகொள்ளாமல் மொத்த லாபத்துக்கும் வரி கட்டுபவர்களும் நிறையப் பேர்.

இந்த வழிகாட்டி இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கானது. 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்குத் தாக்கல் செய்யும் ரிட்டர்னை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இந்த ஆண்டுக்கு 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்தக் கட்டணம் குறிப்பிட்ட ஒரு வாங்கலோடோ விற்றலோடோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது பணத்தைப் பார்த்துக்கொள்வதற்காகப் பொதுவாகக் கொடுத்ததா? முதல் வகை என்றால் பெரும்பாலும் கழியும். இரண்டாம் வகை என்றால், முதலீட்டாளருக்குப் பெரும்பாலும் கழியாது. இந்த விதிக்கு அடங்காத ஒரே ஆள் எஸ்டிடி, அதாவது பங்குப் பரிவர்த்தனையின் மீது அரசு வசூலிக்கும் வரி. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் படி: நீங்கள் முதலீட்டாளரா, வியாபாரியா?

கட்டணத்தின் கதி இந்தக் கேள்வியிலேயே பாதி முடிவாகிவிடும். பங்கை டெலிவரி எடுத்து, அதாவது டீமேட் என்னும் மின்னணுப் பங்குக் கணக்கில் வாங்கி வைத்திருந்து, விற்றால், பொதுவாக அது மூலதன ஆதாயம். காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் இன்ட்ராடே வர்த்தகம், பிரிவு 43(5)-ன்படி ஊக வணிகம். அங்கீகரிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் நடக்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் முன்பேர ஒப்பந்தங்கள் வணிக வருமானம்தான், ஆனால் ஊக வணிகம் அல்ல. ஒரே ஆளுக்கு மூன்றும் இருக்கலாம். அப்படி இருந்தால் மூன்றுக்கும் கட்டணங்களைத் தனித்தனியாகப் பிரித்தாக வேண்டும். சம்பளக்காரர் ஒருவர் விளையாட்டாக நாலு நாள் இன்ட்ராடே செய்திருந்தாலும் அவருக்கு வணிக வருமானம் இருக்கிறது, ஐடிஆர் 3 போட வேண்டும்.

டெலிவரியிலேயே அடிக்கடி வாங்கி விற்பவர் எந்தப் பக்கம் சேருவார் என்பது பழைய சண்டை. அதை ஓரளவு அடக்கியது மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016 பிப்ரவரி 29 அன்று வெளியிட்ட 6-ம் எண் சுற்றறிக்கை. பட்டியலிடப்பட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்று, அதை மூலதன ஆதாயமாகக் காட்ட நீங்கள் விரும்பினால், அதிகாரி அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்றது அது. ஒரு நிபந்தனையும் போட்டது: எடுத்த நிலையை அடுத்தடுத்த ஆண்டுகளில் மாற்றக் கூடாது. ஆகவே, ‘இந்த வருஷம் கட்டணம் அதிகமாகிவிட்டது, வியாபாரி என்று காட்டிக் கழித்துக்கொள்வோம், அடுத்த வருஷம் முதலீட்டாளராக மாறிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு எடுபடாது.

இரண்டாம் படி: காகிதங்களைச் சேர்ப்பது

புரோக்கரின் தளத்தில் இருந்து மூன்றை இறக்கிக்கொள்ளுங்கள்: வரிக்கான லாப நஷ்ட அறிக்கை, காண்ட்ராக்ட் நோட்டுகள், லெட்ஜர் (புரோக்கரிடம் உள்ள உங்கள் கணக்கின் வரவு செலவுப் பதிவு). மியூச்சுவல் ஃபண்டுக்கு கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய பதிவாளர்களிடம் மூலதன ஆதாய அறிக்கை கிடைக்கும். பிஎம்எஸ், அதாவது உங்கள் முதலீட்டை ஒரு மேலாளர் நிர்வகிக்கும் சேவை, இருந்தால் அவர்களின் ஆண்டு அறிக்கை. அப்புறம் வருமான வரித் தளத்தில் இருக்கும் ஏஐஎஸ், அதாவது உங்கள் பரிவர்த்தனைகளைப் பற்றித் துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை.

லெட்ஜர் எதற்கு என்று கேட்பீர்கள். டிபி கட்டணம் (விற்ற பங்கை டீமேட்டில் இருந்து எடுக்கும் கட்டணம்), டீமேட் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், அடகுக் கட்டணம், தாமதத்துக்கான வட்டி ஆகியவை காண்ட்ராக்ட் நோட்டில் வராது. லெட்ஜரில்தான் சத்தமில்லாமல் கழிந்திருக்கும்.

மூன்றாம் படி: ஒரு காண்ட்ராக்ட் நோட்டைப் பிரித்துப் பார்ப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் 200 பங்குகளை, பங்கு ரூ.600 வீதம் ரூ.1,20,000-க்கு டெலிவரியில் வாங்குகிறீர்கள். புரோக்கர் 0.3 சதவீதம் வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம்.

புரோக்கரேஜ்: ரூ.360.00
எக்ஸ்சேஞ்ச் கட்டணம்: ரூ.3.56
செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) கட்டணம்: ரூ.0.12
இந்த மூன்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி: ரூ.65.46
முத்திரைத் தீர்வை, 0.015 சதவீதம்: ரூ.18.00
எஸ்டிடி, 0.1 சதவீதம்: ரூ.120.00

நீங்கள் கட்டிய நிகரத் தொகை ரூ.1,20,567.14. ஆனால் வரிக் கணக்கில் வாங்கிய விலை ரூ.1,20,447.14 மட்டுமே. எஸ்டிடி 120 ரூபாய் வெளியே நிற்கிறது.

எட்டு மாதம் கழித்து அதே 200 பங்குகளை ரூ.750 வீதம் ரூ.1,50,000-க்கு விற்கிறீர்கள்.

புரோக்கரேஜ்: ரூ.450.00
எக்ஸ்சேஞ்ச் கட்டணம்: ரூ.4.46
செபி கட்டணம்: ரூ.0.15
ஜிஎஸ்டி: ரூ.81.83
எஸ்டிடி: ரூ.150.00
லெட்ஜரில் தனியாக, டிபி கட்டணம் ஜிஎஸ்டியோடு: ரூ.17.70

டெலிவரியில் முத்திரைத் தீர்வை வாங்குபவர் தலையில்தான், விற்பவருக்கு இல்லை. விற்பதற்கான செலவாக நீங்கள் காட்டக்கூடியது ரூ.554.14. இதிலும் எஸ்டிடி சேராது.

ஆக, விற்ற தொகை ரூ.1,50,000; அதிலிருந்து வாங்கிய விலை ரூ.1,20,447.14, விற்ற செலவு ரூ.554.14 ஆகியவற்றைக் கழித்தால் குறுகிய கால மூலதன ஆதாயம் (12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை என்பதால் குறுகிய காலம்) ரூ.28,998.72. 20 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் ஏறத்தாழ ரூ.6,032. எந்தக் கட்டணத்தையும் கழிக்காமல் ரூ.30,000-க்கு வரி போட்டிருந்தால் ரூ.6,240 வந்திருக்கும். வித்தியாசம் 208 ரூபாய். ஒரு பரிவர்த்தனைக்கு இது சில்லறைதான். முழுச் சேவை புரோக்கரிடம் சதவீதக் கணக்கில் புரோக்கரேஜ் கட்டி, வருஷம் முழுக்க வாங்கி விற்பவருக்குச் சில்லறையாக இருக்காது. டெலிவரிக்கு புரோக்கரேஜே வாங்காத டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் இருப்பவருக்கோ கழிக்க மிஞ்சுவது சொற்பம். அவருடைய காண்ட்ராக்ட் நோட்டில் பெரிய செலவே எஸ்டிடிதான், அதைத்தான் கழிக்க முடியாது.

இதற்கான சட்டப் பின்னணி பிரிவு 48-ல் இருக்கிறது. விற்ற தொகையிலிருந்து வாங்கிய விலையையும், அந்த விற்பனைக்காகவே முழுமையாகவும் பிரத்தியேகமாகவும் ஆன செலவையும் கழிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. வாங்கும்போது கொடுத்த புரோக்கரேஜ், வாங்கிய விலையில் ஏறிக்கொள்கிறது. விற்கும்போது கொடுத்தது விற்ற செலவாகிறது. அதே பிரிவின் கீழ் வரும் ஒரு நிபந்தனை, மூலதன ஆதாயக் கணக்கில் எஸ்டிடியை எந்த ரூபத்திலும் கழிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. 2004 அக்டோபர் 1 அன்று எஸ்டிடி அமலுக்கு வந்தபோது, பட்டியலிட்ட பங்குகளின் நீண்ட கால ஆதாயத்துக்கு வரி விலக்கு கொடுத்தார்கள். அதற்கு ஈடுதான் எஸ்டிடி என்றார்கள். 2018-ல் நீண்ட கால ஆதாய வரி திரும்பி வந்தது. எஸ்டிடி மட்டும் போகவில்லை, கழிக்கும் உரிமையும் வரவில்லை. சிறு முதலீட்டாளரின் பார்வையில் இதைவிட நியாயமற்ற ஒன்று இந்தக் கணக்கில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இப்போதைக்கு அதுதான்.

டிபி கட்டணத்தை நான் விற்ற செலவில் சேர்த்திருக்கிறேன். பங்கு உங்கள் டீமேட்டில் இருந்து வெளியேறும் நாளில், அந்த விற்பனை நடந்தால் மட்டுமே விழும் கட்டணம் அது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தின் கதை வேறு. நீங்கள் ஒரு பங்கைக்கூட விற்காவிட்டாலும் அது விழும். எனவே மூலதன ஆதாயத்தில் அதற்கு இடமில்லை.

நான்காம் படி: இந்த ஆண்டு கட்டியதை எல்லாம் இந்த ஆண்டே கழிக்கக் கூடாது

புரோக்கரின் அறிக்கையில் ஆண்டின் மொத்தக் கட்டணம் என்று ஒரு கூட்டுத்தொகை இருக்கும். அதை அப்படியே எடுத்து லாபத்தில் கழிப்பது பரவலான தவறு. ஏன் என்று பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையில், இந்த ஆண்டு வாங்கி இன்னும் விற்காமல் டீமேட்டில் கிடக்கும் பங்குகளுக்கான கட்டணமும் இருக்கிறது. அது அந்தப் பங்குகளின் வாங்கிய விலையோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டியது. விற்கும் ஆண்டில்தான் கழியும். அதேபோல, மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய பங்கை இந்த ஆண்டு விற்றிருந்தால், மூன்று வருஷத்துக்கு முந்தைய புரோக்கரேஜ் இந்த ஆண்டு கழிய வேண்டும். அது இந்த ஆண்டின் கூட்டுத்தொகையில் இருக்காது.

பாதியை விற்றால் பாதிக் கட்டணம். மேலே சொன்ன 200 பங்கில் 80-ஐ மட்டும் விற்றிருந்தால், வாங்கிய கட்டணம் ரூ.447.14-ல் 80 பங்குக்கு உரிய ரூ.178.86 மட்டும் இப்போது கழியும். மீதி காத்திருக்கும்.

ஒரே பங்கைப் பல தேதிகளில் வாங்கியிருந்தால் எந்தத் தேதியின் புரோக்கரேஜ் கழியும்? டீமேட்டில் இருக்கும் பங்குகளுக்கு, முதலில் வந்தது முதலில் போகும் என்பதே விதி. பிரிவு 45(2ஏ) இதைச் சொல்கிறது. எது லாபமோ அதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இல்லை.

2018 ஜனவரி 31 வரை வாங்கிய பழைய பங்குகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவற்றுக்கு உண்மையில் வாங்கிய விலை ஒரு பக்கம். அந்தத் தேதியின் சந்தை விலை, விற்ற விலை இரண்டில் குறைந்தது மறுபக்கம். இந்த இரு பக்கங்களில் எது அதிகமோ அதுவே வரிக் கணக்கில் வாங்கிய விலை. சந்தை விலை ஜெயித்துவிட்டால், அன்றைக்கு நீங்கள் கொடுத்த புரோக்கரேஜ் கணக்கை விட்டே போய்விடும். சந்தை விலையின் மேல் அதைத் தனியாக ஏற்ற முடியாது. விற்ற செலவு மட்டும் வழக்கம்போல் கழியும்.

போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம், வாங்கிய கட்டணமும் இல்லை. ஐபிஓவில் ஒதுக்கீடு கிடைத்த பங்குக்கு புரோக்கரேஜ் கட்டியிருக்க மாட்டீர்கள். நிறுவனம் பங்கைத் திரும்ப வாங்கியிருந்தால், 2024 அக்டோபர் 1 முதல் வந்த விதிப்படி கைக்கு வந்த தொகை முழுவதும் டிவிடெண்டாகவே கருதப்படும். அதில் எந்தச் செலவும் கழியாது. நீங்கள் வாங்கிய விலை மட்டும் மூலதன நஷ்டமாக நிற்கும். 2025-26 ரிட்டர்னுக்கு இதுதான் நிலை.

ஐந்தாம் படி: மியூச்சுவல் ஃபண்ட்

‘என் ஃபண்டுக்கு ஆண்டுக்கு 1.5 சதவீதம் நிர்வாகச் செலவு பிடிக்கிறார்கள், அதைக் கழிக்கலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஃபண்ட் மேலாளரின் கட்டணம், பதிவாளர் செலவு, ரெகுலர் திட்டத்தில் விநியோகஸ்தருக்குப் போகும் கமிஷன் எல்லாம் நாள்தோறும் ஒரு யூனிட்டின் மதிப்பான என்ஏவியில் இருந்து எடுக்கப்பட்டுவிடுகின்றன. உங்களுக்குக் கிடைக்கும் என்ஏவி அவை போன பிறகு மிஞ்சியது. ஆகவே உங்கள் லாபமே ஏற்கெனவே அந்த அளவுக்குக் குறைந்துதான் இருக்கிறது. மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு.

நேரடியாகப் பங்கு வாங்குபவருக்கும் பிஎம்எஸ் வைத்திருப்பவருக்கும் இல்லாத சலுகை இது. யாரும் இதைச் சலுகை என்று விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான். நிர்வாகக் கட்டணம் என்ற அதே செலவு, ஃபண்டின் உள்ளே நடந்தால் வரிக்கு முன்பே கழிகிறது; வெளியே நீங்கள் செக் எழுதிக் கொடுத்தால் சிக்கலாகிறது.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் யூனிட்டை விற்றால் பிடிக்கும் வெளியேற்றக் கட்டணமும் இப்படித்தான். என்ஏவி ரூ.50, வெளியேற்றக் கட்டணம் 1 சதவீதம் என்றால் யூனிட்டுக்கு ரூ.49.50 வரும். பதிவாளரின் அறிக்கையில் எந்தத் தொகை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிகரத் தொகையே இருந்தால் மீண்டும் கழிக்காதீர்கள்.

2020 ஜூலை 1 முதல் யூனிட் வாங்கும்போது 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை உண்டு. ஒரு லட்சம் போட்டால் 5 ரூபாய். நீங்கள் கட்டிய ஒரு லட்சத்தையே வாங்கிய விலையாக எடுத்தால் அது தானாக உள்ளே வந்துவிடும். பங்குசார் ஃபண்டை விற்கும்போது 0.001 சதவீதம் எஸ்டிடி பிடிப்பார்கள். தொகை எத்தனை சிறியதானாலும் அது கழியாது. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகள் பிரிவு 50ஏஏ-வின் கீழ் எப்போது விற்றாலும் குறுகிய காலம்தான். அங்கேயும் வாங்கிய விலை, விற்ற செலவு இரண்டையும் கழிக்க இடமுண்டு.

ஆறாம் படி: பிஎம்எஸ் கட்டணம் என்னும் வழக்கு

குறைந்தது 50 லட்சம் ரூபாய் போட்டு, உங்கள் பெயரிலேயே உள்ள டீமேட்டில் இன்னொருவர் வாங்கி விற்பது பிஎம்எஸ். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று நிலையான கட்டணம் இருக்கும், அல்லது லாபத்தில் பங்கு, அல்லது இரண்டும் கலந்து. முதலில் ஒன்றைப் பிரித்துவிடுங்கள். பிஎம்எஸ்ஸுக்குள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆன புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை ஆகியவை மூன்றாம் படியில் பார்த்தது போலவே கழியும். அதில் தகராறு இல்லை. தகராறு நிர்வாகக் கட்டணத்தில்தான்.

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் புணே அமர்வு, கேஆர்ஏ ஹோல்டிங் அண்ட் டிரேடிங் நிறுவனத்தின் வழக்கில் 2011-ல், பிஎம்எஸ் கட்டணத்துக்கும் பங்குகளை வாங்கி விற்றதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, ஆகவே பிரிவு 48-ல் கழிக்கலாம் என்றது. அதே ஆண்டில் மும்பை அமர்வு வேறு வழக்குகளில் எதிர்த்திசையில் போனது. இந்தக் கட்டணம் பங்கை வாங்கும் விலையிலும் சேராது, விற்பனைக்காக மட்டுமே ஆன செலவும் அல்ல. பணத்தை மேலாண்மை செய்ததற்கான கூலி, எனவே கழியாது என்றது.

இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது என்றாலும், சட்டத்தில் இருக்கும் ‘முழுமையாகவும் பிரத்தியேகமாகவும்’ என்ற சொற்களை வைத்துப் பார்த்தால் மும்பையின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஒரு வருஷம் முழுக்க எதையும் விற்காமல் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் நிலையான கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை எந்த விற்பனையோடு ஒட்டுவீர்கள்?

சரி, நடைமுறையில் என்ன செய்வது? தொகையைப் பாருங்கள். 60 லட்சம் ரூபாய்க்கு 2 சதவீதம் என்றால் ரூ.1,20,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ.21,600, ஆக ரூ.1,41,600. முழுவதும் நீண்ட கால ஆதாயத்தில் கழிவதாக வைத்தால், 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து மிச்சமாவது ரூ.18,408. கழித்தது ஏற்கப்படாவிட்டால் அந்த வரி, அதற்கு வட்டி, அதன் மேல் பிரிவு 270ஏ-வின் கீழ் குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம் என்று பேச்சு வரும். எல்லா விவரத்தையும் வெளிப்படையாகக் காட்டி, நேர்மையான காரணமும் சொல்ல முடிந்தால் அபராதத்தில் இருந்து தப்ப அதே பிரிவில் வழி இருக்கிறது. ஆகவே கழிப்பதென்று முடிவு செய்தால், புரோக்கரேஜோடு கலந்து ஒளித்துக் கழிக்காதீர்கள். எந்தத் தீர்ப்பை நம்பிக் கழித்தீர்கள், எந்த அடிப்படையில் விற்பனைகளுக்குப் பங்கிட்டீர்கள் என்று ஆடிட்டரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் சில லட்சங்கள் வரை போகிறவருக்கு இந்தச் சண்டை பொருந்தலாம். 18 ஆயிரத்துக்காக மேல்முறையீடு வரை போவதற்கு ஆடிட்டர் ஃபீஸ் கட்டுப்படியாகாது.

முதலீட்டு ஆலோசகருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் ஃபீஸ், ஆய்வு அறிக்கைகளுக்கான சந்தா, போர்ட்ஃபோலியோவைப் பார்க்கும் செயலிக்குக் கட்டிய பணம் ஆகியவற்றுக்கு பிஎம்எஸ் கட்டணத்துக்கு இருக்கும் அளவுக்குக்கூட வாதம் கிடையாது. முதலீட்டாளராக இருக்கும்வரை அவை உங்கள் சொந்தச் செலவு. சம்பள வருமானத்தில் கழிக்கவும் வழியில்லை.

ஏழாம் படி: டிவிடெண்டும் வட்டியும்

2020-21 முதல் டிவிடெண்ட் உங்கள் கையில் வரிக்குள்ளாகிறது. 2025-26 வரை, பிரிவு 57-ன்படி அதிலிருந்து கழிக்கக்கூடியது கடன் வாங்கி முதலீடு செய்ததற்கான வட்டி மட்டும், அதுவும் டிவிடெண்டில் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல். டிவிடெண்ட் ரூ.40,000 வந்திருந்தால், வட்டி எவ்வளவு கட்டியிருந்தாலும் ரூ.8,000 வரைதான். டீமேட் பராமரிப்பு, பிஎம்எஸ் கட்டணம், ஆலோசகர் ஃபீஸ் எதுவும் இங்கே நுழையாது. கடன் பத்திர வட்டியை வசூலித்துத் தர வங்கிக்கோ வேறொருவருக்கோ கமிஷன் கொடுத்திருந்தால், அந்த வட்டி வருமானத்தில் அதைக் கழிக்கலாம்.

பங்கு வாங்க புரோக்கரிடம் எடுக்கும் மார்ஜின் கடனின் வட்டியைப் பங்கின் விலையோடு சேர்க்கலாமா என்பது கிளைக் கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் திரிசூல் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்கில், பங்கு வாங்கக் கடன் வாங்கியதற்கான வட்டியை வாங்கிய விலையோடு சேர்க்கலாம் என்றது. தமிழ்நாட்டில் வரிக் கணக்கு வைத்திருப்பவருக்கு இது கைகொடுக்கும். ஆனால் டிவிடெண்டில் ஒருமுறை கழித்த அதே வட்டியை இங்கே மறுபடி ஏற்றக் கூடாது.

எட்டாம் படி: வியாபாரிக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும்

இன்ட்ராடே, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் வந்தால் காட்சியே மாறுகிறது. புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், செபி கட்டணம், முத்திரைத் தீர்வை எல்லாம் வணிகச் செலவு. முதலீட்டாளருக்கு மூடிய எஸ்டிடிக் கதவுகூட இங்கே திறக்கிறது: பிரிவு 36(1)-ன் 15-வது உட்பிரிவு, அந்த வருமானம் வணிக வருமானமாகக் காட்டப்பட்டிருந்தால் எஸ்டிடியைச் செலவாக அனுமதிக்கிறது. டீமேட் பராமரிப்பு, ஆலோசனைக் கட்டணம், சார்ட் மென்பொருள், வர்த்தகத்துக்குப் பயன்பட்ட அளவுக்கு இன்டர்நெட் செலவு ஆகியவை பிரிவு 37(1)-ல் வரும். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் உண்டு. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக, அதாவது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க வழியில்லை. பங்குப் பத்திரங்கள் ஜிஎஸ்டி சட்டத்தில் சரக்கும் அல்ல, சேவையும் அல்ல. எனவே ஜிஎஸ்டியும் செலவோடு செலவாகப் போகும்.

புதிய வரி முறையில் கழிவே கிடையாது என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். புதிய முறை பறித்தது 80சி போன்ற கழிவுகளை. வணிகச் செலவும், மூலதன ஆதாயத்தில் விற்ற செலவும் இரண்டு முறைகளிலும் கழியும். ஆனால் விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தையே வருமானமாகக் காட்டும் பிரிவு 44ஏடி-யின் அனுமான வருமானத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு மேல் தனியாக எந்தச் செலவும் கழிக்க முடியாது.

நஷ்டம் வந்த ஆண்டிலும் கட்டணங்களை விடாமல் எழுதுங்கள், நஷ்டம் அந்த அளவுக்குக் கூடும். ஊக வணிக நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டும், 4 ஆண்டுகள் வரை ஈடுகட்டலாம். மற்ற வணிக நஷ்டத்துக்கு 8 ஆண்டுகள், ஆனால் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. இரண்டையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். மூலதன நஷ்டத்துக்கும் இதே கெடு உண்டு.

ஒன்பதாம் படி: ரிட்டர்னில் எந்தப் பெட்டியில் எது

மூலதன ஆதாயம் மட்டும் இருந்தால் ஐடிஆர் 2. குறுகிய கால ஆதாயத்துக்கு, மூலதன ஆதாய அட்டவணையில் பிரிவு 111ஏ பகுதிக்குப் போங்கள். விற்ற மொத்தத் தொகையை, எதையும் கழிக்காமல், முதல் பெட்டியில் போடுங்கள். வாங்கிய கட்டணத்தை வாங்கிய விலையோடு கூட்டி அடுத்த பெட்டியில். விற்ற கட்டணம், விற்பனை தொடர்பான செலவு என்ற பெட்டியில். நம் மாதிரிக் கணக்கில் இவை முறையே 1,50,000, 1,20,447, 554.

நீண்ட கால ஆதாயத்துக்கு 112ஏ அட்டவணை. 2018 ஜனவரி 31 வரை வாங்கியவற்றுக்குப் பங்கு வாரியாக எழுத வேண்டும். அதற்குப் பின் வாங்கியவற்றை மொத்தமாகப் போடலாம். இதிலும் விற்ற செலவுக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்குத்தான் 12.5 சதவீத வரி. அந்த எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு நூறு ரூபாய்க் கட்டணமும் முக்கியம்.

விற்ற தொகையை ஏன் மொத்தமாகவே போடச் சொல்கிறேன் என்றால், ஏஐஎஸ்ஸில் தெரிவது கட்டணம் கழிக்காத தொகை. நீங்கள் நிகரத் தொகையைப் போட்டால் விற்பனையைக் குறைத்துக் காட்டியது போல் தெரியும், அப்புறம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஏஐஎஸ்ஸில் இருக்கும் வாங்கிய விலை பல நேரம் தோராயமானது, கட்டணமும் அதில் இருக்காது. அங்கே காண்ட்ராக்ட் நோட்டையே நம்புங்கள்.

காண்ட்ராக்ட் நோட்டுகளைப் பிடிஎஃப்பாக ஆண்டு வாரியாகச் சேமித்து வையுங்கள், புரோக்கரை மாற்றுவதற்கு முன் கட்டாயமாக. வாங்கிய நோட்டு விற்கும்வரை வேண்டும். விற்ற பிறகும், மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்ப மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை துறைக்குக் காலம் இருக்கிறது. கணக்கில் வராத வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 அமலில் இருப்பதால், 2026-27 நிதியாண்டுக் கணக்கில் மேலே சொன்ன பிரிவு எண்கள் மாறிவிடும். அந்த ஆண்டுக்கு ஆடிட்டரிடம் பேசும்போது புதிய எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.